இரும்பு, எஃகு, உருக்கு: சேலத்தில் எதை எங்கே சொல்வது?

கேள்வி இதுதான். பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் சேலத்துத் தொழில்களைப் பற்றி அட்டைகள் எழுதுகிறார்கள். ஒரு அட்டையில் 'கஞ்சமலை இரும்பு' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'சேலம் எஃகு'. மூன்றாவதில் 'உருக்காலை'. பஸ்ஸில் ஏறப் போனால் போர்டில் 'இரும்பாலை'. இரும்பும் எஃகும் ஒன்றா, வேறா? எந்த இடத்தில் எதைப் போடுவது? வீட்டில் புழங்குகிற எவர்சில்வர் இதில் எதோடு சேரும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகு எல்லாமே இரும்புதான். ஆனால் இரும்பு எல்லாமே எஃகு ஆகிவிடாது. இரும்பு ஒரு தனிமம். மலையில் கல்லோடு கல்லாகவும், ஓடையில் கருமணலாகவும், நம் ரத்தத்திலும் இருப்பது அது. எஃகு தோண்டி எடுக்கிற பொருள் இல்லை. இரும்பில் கார்பனை அளவோடு சேர்த்து மனிதன் செய்துகொண்டது. அதனால்தான் டாக்டர் 'இரும்புச் சத்து குறைவாக இருக்கிறது' என்று மாத்திரை எழுதுகிறார். எஃகுச் சத்து என்று யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஒரு உதாரணம் போதும். ஆனால் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தோடு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கிற வேலை முழுவதும் நம் மாவட்டத்து மண்ணில் நடந்திருக்கிறது. நான் உலோகவியல் படித்து வார்ப்படத் தொழிலில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்பனில் தொடங்கலாம். கார்பன் கிட்டத்தட்ட இல்லாத இரும்பு, அதாவது 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது, மென்மையாக இருக்கும். காய்ச்சித் தட்டினால் சொன்னபடி கேட்கும், வளைத்தால் வளையும், ஆனால் முனை நிற்காது. பாடப் புத்தகத்தில் இதற்குத் தேனிரும்பு என்று பெயர். பட்டறைக்காரர்கள் பச்சை இரும்பு என்பார்கள். கார்பன் 2 சதவீதத்தைத் தாண்டி 3, 4 என்று போனால் அது வார்ப்பிரும்பு. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். வார்ப்பிரும்போ 1150 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். அச்சில் ஊற்றத் தோதாக இருப்பது அதனால்தான். கெட்டியாக இருக்கும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். வார்ப்பிரும்பு தோசைக்கல் கை தவறிக் கீழே விழுந்து இரண்டாகப் போன வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எஃகு. அதிலும் ஒரு வகை, இரண்டு வகை இல்லை. வீடு கட்டப் போடுகிற கம்பியில் கார்பன் கால் சதவீதத்தை ஒட்டி இருக்கும். லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் அரை சதவீதம், அதற்குக் கொஞ்சம் மேல். அரத்தில் 1 சதவீதத்துக்கும் அதிகம். எல்லாமே எஃகுதான். 'இரும்பும் கார்பனும் சேர்ந்தால் எஃகு' என்று மட்டும் அட்டையில் எழுதினால் அது அரைகுறை. வார்ப்பிரும்பில் எஃகைவிடப் பல மடங்கு கார்பன் இருக்கிறதே, அது ஏன் எஃகு ஆகவில்லை என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டுவிடும். அளவு என்ற சொல் அந்த வரியில் கட்டாயம் இருக்கட்டும்.

சரி, கார்பன் சேர்ந்தால் அப்படி என்ன ஆகிறது? இதுதான் எனக்கு எப்போது பேசினாலும் அலுக்காத இடம். தேவையான கார்பன் உள்ள எஃகைச் செக்கச் செவேல் என்று பழுக்கக் காய்ச்சினால் உள்ளே அணுக்கள் வேறு வரிசைக்கு மாறிவிடும். அந்த வரிசையில் கார்பனுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் அணுக்கள் பழைய வரிசைக்குத் திரும்பும், கார்பனும் ஒதுங்கிக்கொள்ளும், துண்டு மறுபடி மென்மையாகிவிடும். ஆனால் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் கார்பனுக்கு ஒதுங்க நேரமே இல்லை. இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு பக்கத்து அணுக்களை நெருக்கி இழுத்துப் பிடித்துவிடும். கண்ணாடியைக் கீறுகிற அளவுக்குக் கூடக் கடினம் வரும். கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்கிறார்கள், சிலர் துவைச்சல் என்றும் சொல்வார்கள். பச்சை இரும்பை எத்தனை தடவை முக்கினாலும் இது நடக்காது. பொருளைத் தண்ணீரில் முக்கினால் குணம் மாறுகிறதா என்பதுதான் எஃகுக்கும் வெறும் இரும்புக்கும் நடைமுறையில் உள்ள எல்லைக்கோடு.

முக்கி எடுத்ததோடு வேலை முடியாது. அந்த நிலையில் முனை கடினமாக இருக்கும், கூடவே நொறுங்கவும் செய்யும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்கள். தேய்த்துப் பளிச்சென்று வைத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் தெரியும், சுமார் 220 டிகிரியில். அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது எதற்கான கருவி என்பதைப் பொறுத்தது. சவரக்கத்திக்கு மஞ்சள். வளைந்து கொடுக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு நீலம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கண்ணால் பார்த்து இதைச் சரியாகச் செய்கிற ஆட்களிடம் நான் கற்றுக்கொண்டது கல்லூரியில் கற்றதற்குக் குறைந்ததில்லை.

நம் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் கொடுவாளோ அரிவாளோ செய்யச் சொன்னால், 'பட்டையில் அடிக்கட்டுமா?' என்று கேட்பார்கள். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைச் சொல்கிறார்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில் இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அது நல்ல எஃகு, தோய்ச்சலை வாங்கும். அதற்கு முந்தைய காலத்தில் வேறு வழி. உடம்புக்குப் பச்சை இரும்பு, வெட்டுவாய்க்கு மட்டும் ஒரு துண்டு உருக்கு, அதாவது எஃகு, வைத்து, இரண்டையும் பழுக்கக் காய்ச்சி ஒன்றாக அடித்து இணைப்பார்கள். 'உருக்கு வைத்த அரிவாள்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். விலை கூடிய உருக்கைத் தேவையான இடத்தில் மட்டும் போட்டார்கள் என்பது ஒரு காரணம். உடம்பு மென்மையாக இருந்தால் அடி விழும்போது உடையாது என்பது அதைவிட முக்கியமான காரணம். ஒரே அரிவாளில் இரும்பும் எஃகும் அடுத்தடுத்து இருந்து, இரண்டுக்கும் வேறு வேறு வேலை. அட்டையில் படம் போட இடம் இருந்தால் இந்த அரிவாளின் குறுக்குவெட்டைப் போடச் சொல்லுங்கள்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். பழந்தமிழில் பொன் என்பது தங்கத்துக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை, உலோகத்துக்கே பொதுப் பெயராகவும் இருந்தது. வெண்பொன் என்றால் வெள்ளி. கரும்பொன் என்றால் இரும்பு. நிறத்தை வைத்து, பொருளை வைத்துப் பிறந்த பெயர். எஃகு அப்படி வரவில்லை. பழைய பாட்டுகளில் எஃகு என்றால் பெரும்பாலும் வேல், வாள் முதலிய ஆயுதமே. திருக்குறளில் 759ஆவது குறள்:

செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும்
எஃகதனிற் கூரிய தில்.

பகைவரின் செருக்கை அறுக்கிற கருவி பொருள்தான், அதைவிடக் கூரியது வேறில்லை என்கிறார். இங்கே எஃகு உலோகமா, ஆயுதமா? இரண்டும்தான். அந்தக் காலத்துக் காதில் எஃகு என்றால் கூர்மை கேட்டது. இரும்பு என்றால் பொருள் கேட்டது. இன்றைக்கும் அந்த வேறுபாடு அழியவில்லை. 'இரும்பு மனம்' என்றால் இளகாத மனம், கொஞ்சம் குறையாகவும் சொல்வோம். 'எஃகு உறுதி' என்றால் பாராட்டு.

உருக்கு என்ற சொல்லில்தான் தொழில்நுட்பமே ஒளிந்திருக்கிறது. உருகு, உருக்கு. மலையாளத்தில் இன்றும் எஃகுக்கு உருக்கு என்றுதான் பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. விசாகப்பட்டினத்தில் ஆலை கேட்டுப் போராடியவர்கள் 'விசாக உக்கு' என்று முழங்கியது நினைவிருக்கலாம். இரும்பு எல்லாவற்றையும்தான் உலையில் போடுகிறோம், எஃகுக்கு மட்டும் ஏன் உருக்கியது என்று பெயர் வரவேண்டும்? விடை பழைய உலையில் இருக்கிறது. மரக்கரி போட்டுத் துருத்தி ஊதுகிற சிறிய களிமண் உலையில் இரும்பு உருகுகிற சூடு வராது. கனிமத்தில் இருக்கிற ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொள்ளும், கசடு மட்டும் உருகி வழியும், இரும்பு துளை துளையாக ஒரு கட்டியாக அடியில் நிற்கும். அதைச் சூட்டோடு எடுத்து அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் பச்சை இரும்பு. இந்த வழியில் அது ஒரு நிலையிலும் உருகித் திரவமாவதில்லை. எஃகு செய்யும்போதுதான் அந்த இரும்பை மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற சிறிய மண் குடுவையில், இட்டு உருக்கினார்கள். கார்பன் ஏற ஏற உருகு நிலை இறங்கும் என்பதால்தான் அது முடிந்தது. அந்தக் காலத்துப் பட்டறையில் நிஜமாகவே உருகியது உருக்குதான். பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

அந்த மூசை வேலை சேலம் வட்டாரத்தில் நடந்ததை 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் இருந்து, பிறகு இரும்பில் இறங்கியவர். அவர் விவரிக்கிற முறை இது. பச்சை இரும்பைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறிய களிமண் மூசையில் போடுவது, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை போன்ற ஒன்றிரண்டு பச்சை இலை. வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் பூசிவிடுவது. அப்புறம் மூசைகளை அடுக்கி மணிக்கணக்கில் கரி உலையில் ஊதுவது. உள்ளே குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் ஏறி, இரும்பு உருகிக் கீழே ஒரு கட்டியாக உறையும். ஆவாரையும் எருக்கும் நம் வயல் வரப்பிலும் ரோட்டோரத்திலும் முளைத்துக் கிடக்கிற செடிகள். அவற்றைக் கொண்டு 1 முதல் 2 சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகைச் செய்தார்கள். இப்படித் தென்னிந்தியாவில் வார்த்த எஃகைத்தான் ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். உக்கு என்பதன் திரிபு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மேற்காசியாவின் பெயர் பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருள் இது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னால், 1819 வாக்கில், இந்த ஊட்ஸ் கட்டிகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஹீத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்கு நல்ல பாடம் இருக்கிறது. 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை வைத்து ஆரம்பித்தார். கனிமம் சேலம் பக்கத்தில் இருந்து போக வேண்டும். பிறகு அந்தக் கம்பெனிக்குக் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் ஓர் உலை வந்தது. எரிப்பதற்குக் கரி, கரிக்குக் காடு. காடு குறையக் குறையக் கரி தூரத்தில் இருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது, கடைசியில் தொழில் நின்றுபோனது. ஆனால் ஹீத் இங்கே பழகிய அறிவை வைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி, வார்ப்பு எஃகில் மாங்கனீஸைச் சேர்க்கிற முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் மாங்கனீஸ் சேராத எஃகு அபூர்வம்.

இதெல்லாம் சில நூறு வருட விஷயம். மேட்டூர் பக்கத்தில் தெலுங்கனூர், மாங்காடு ஆகிய ஊர்களின் பழைய ஈமக்குழிகளில் வாள்கள் கிடைத்திருக்கின்றன. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்று காலக்கணிப்பில் வந்திருக்கிறது. தெலுங்கனூரில் கிடைத்த இரட்டைக்கூர் வாளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது கார்பன் கூடிய எஃகு இருப்பது தெரிந்தது. அட்டையில் 'இரும்பு வாள்' என்று போட்டால் தவறில்லை. 'எஃகு வாள்' என்று போட்டால்தான் அதைச் செய்தவருக்கு உரிய மரியாதை போய்ச் சேரும்.

கஞ்சமலைக்கு வருவோம். அங்கே இருப்பது எஃகு இல்லை, இரும்புகூட இல்லை, இரும்புக் கனிமம். மேக்னடைட் என்ற கறுப்புக் கனிமம் வெள்ளைக் கல்லான குவார்ட்ஸோடு பட்டை பட்டையாகக் கலந்திருக்கிறது. சுத்தமான மேக்னடைட்டில் 72 சதவீதம் இரும்பு உண்டு. ஆனால் கல்லோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பாறையில் பாதிக்கும் குறைவாகத்தான் தேறும். சித்தர் கோவிலுக்கு அமாவாசைக்குப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மழைத் தண்ணீர் ஓடிக் காய்ந்த ஓடையில் மண்ணில் வைத்து இழுத்தால் கறுப்பு மணல் முள்ளு முள்ளாகப் பிடித்துக்கொண்டு வரும். பழைய உலைக்காரர்கள் பாறையை உடைப்பதைவிட இந்தக் கருமணலை அள்ளி அலசி எடுப்பதையே விரும்பினார்கள். தண்ணீரே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கும்.

அந்தக் கனிமத்தை நம்பித்தான் சேலத்துக்கு ஆலை கேட்டார்கள். கஞ்சமலைக் கனிமம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, இரண்டையும் சேர்த்து இரும்பு எடுக்கலாம் என்பது ஆரம்பத் திட்டம். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இதற்காக எழுச்சி நாள் நடத்தினார்கள். 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். மத்திய உருக்குத் துறை அமைச்சராக இருந்து 1973இல் விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலத்தின் பெயரில்தான் ஆலைக் குடியிருப்பு மோகன் நகர் ஆனது. உற்பத்தி 1981இல் தொடங்கியபோது திட்டம் வேறாகிவிட்டிருந்தது. கஞ்சமலையில் இருந்து ஒரு கூடை கல்கூட உள்ளே போகவில்லை. வெளியில் இருந்து வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளைக் குளிர் உருட்டலில் மெல்லிய தகடாக்குவதுதான் வேலை. 1995இல் சூடாக உருட்டுகிற பிரிவும், 2010இல் எஃகு உருக்கும் பிரிவும் சேர்ந்தன. அப்போதும் மூலப்பொருள் பழைய எஃகும் கலப்பு உலோகங்களும்தான்.

ஆக, இரும்பே எடுக்காத ஆலைக்கு ஊர் வைத்த பெயர் இரும்பாலை. கஞ்சமலை இரும்பு வெளியே வரப்போகிறது என்று ஊர் பதினைந்து வருடம் காத்திருந்ததன் அடையாளம் அந்தப் பெயர். நான் அதைத் திருத்தவே மாட்டேன். ரோட்டின் பெயர், பஸ் போர்டு எல்லாம் இரும்பாலைதான், அப்படியே எழுதுங்கள். நிறுவனத்தைப் பற்றிய அட்டையில் 'சேலம் உருக்காலை' என்று அதிகாரப்பூர்வப் பெயர் போடுங்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்ற வரியில் மட்டும் 'துருப்பிடிக்காத எஃகு' என்று தெளிவாக வரட்டும்.

எவர்சில்வர் என்று நாம் சொல்வது இந்தத் துருப்பிடிக்காத எஃகைத்தான். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்க வேண்டும். குரோமியம் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலத்தை மேலே விரிக்கும். கீறினால் தானாக மறுபடி படரும். துரு பிடிக்காத ரகசியம் அவ்வளவுதான். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமிய எஃகைச் செய்தார், அங்கிருந்து வெட்டுக்கத்தி, கரண்டி என்று பரவியது. இங்கே கார்பனுக்கு வேலை மிகக் குறைவு. பாத்திரத்துக்கான 304 ரகத்தில் கார்பன் 0.08 சதவீதத்துக்குள்தான். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. முன்னால் சொன்ன தோய்ச்சல் சோதனையை இந்தப் பாத்திரத்தின் மேல் செய்தால் கடினம் ஏறாது. அப்படியானால் இது எஃகா? இன்றைய தொழில்நுட்ப வழக்கில் எஃகுதான். வேண்டிய குணத்துக்காக அளந்து கலந்த இரும்பு எல்லாவற்றுக்கும் இப்போது எஃகு என்றே பெயர். பழைய தமிழில் கூர்மையைக் குறித்த சொல் இப்போது டம்ளரையும் தட்டையும் குறிக்கிற அளவுக்கு விரிந்திருக்கிறது.

காந்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாத்திரக் கடையில் இதை வைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் ஒஸ்தி என்று நம்புகிறோம். 304இல் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது, அவை உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாங்காது. மறுபக்கம், நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் பச்சக்கென்று ஒட்டும், அதுவும் நியாயமான துருப்பிடிக்காத எஃகுதான். நம் பையில் இருக்கிற ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். 1990களில் இருந்து அது குரோமியம் 17 சதவீதமும் இரும்பு 83 சதவீதமும் சேர்ந்த எஃகில் வருகிறது. அதில் காந்தம் ஒட்டும், ஆனால் எத்தனை கை மாறினாலும் துரு ஏறாது. நாணயத்துக்கான வட்டத் தகடுகளை வெட்டித் தருகிற பிரிவு சேலம் உருக்காலையிலேயே இருக்கிறது. கண்காட்சியில் ஒரு காந்தம், ஒரு ரூபாய் நாணயம், ஒரு கைப்பிடி கஞ்சமலை மண் மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் தாங்களே கேள்வி கேட்பார்கள்.

பொருளைக் கண்ணால் பார்த்தோ கையில் தூக்கிப் பார்த்தோ இரும்பா எஃகா என்று சொல்லிவிட முடியாது. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில் அனுபவசாலிகள் சாணைக்கல்லில் ஒரு முறை தொட்டுப் பார்ப்பார்கள். பச்சை இரும்பு என்றால் பொறி நீளமாக, நேராக, அதிகம் கிளைக்காமல் பறக்கும். கார்பன் கூடக் கூடப் பொறி நுனியில் வெடித்துப் பூப் பூவாகச் சிதறும். வார்ப்பிரும்பில் சிவப்பாக, குட்டையாக விழும். பள்ளியில் இதைச் செய்து காட்டுவதாக இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய ஒரு பெரியவர் மட்டுமே சாணை பிடிக்கட்டும், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

மற்றபடி அன்றாட வழக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரும்புக் கடை, இரும்புக் கம்பி, இரும்பு பீரோ, இரும்புக் கதவு என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இன்று எஃகு. கட்டடத்துக்கு வருகிற டி.எம்.டி. கம்பியை உருட்டி முடித்த சூட்டோடு தண்ணீர் பீய்ச்சி மேல்தோலைக் கடினமாக்கி, உள்சூட்டாலேயே அதைப் பதப்படுத்துகிறார்கள். கொல்லரின் தோய்ச்சலே அது, ஆலையில் நடக்கிறது. ஆனாலும் மேஸ்திரிக்கு அது கம்பி, கடைக்காரருக்கு இரும்பு. அதில் பிழை ஒன்றுமில்லை. பொருளின் பெயரைச் சொல்கிறார்கள். இருப்புப்பாதை என்ற சொல்லைக்கூடப் பாருங்கள். 1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாக ரயில் போனபோது தண்டவாளங்கள் தேனிரும்பில் இருந்த காலம். இப்போது எல்லாம் எஃகு. பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம். 'இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை' என்ற பழமொழியில் எஃகைப் போட்டால் பழமொழியே கெட்டுப்போகும்.

எழுதும்போது நான் பார்க்கிறது இவ்வளவுதான். அந்த வரி பொருளைப் பற்றியதா, அதற்கு ஏற்றிய குணத்தைப் பற்றியதா? தாது, மணல், துரு, ரத்தம், கடை, எடை என்றால் இரும்பு. கூர், ஸ்பிரிங், உறுதி, கலவை, ரகம் என்றால் எஃகு. உருக்கிச் செய்கிற முறையையோ ஆலையையோ சொன்னால் உருக்கு. அடுப்படியில் பேசினால் எவர்சில்வர், அங்கே துருப்பிடிக்காத எஃகு டம்ளர் என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஒரே அட்டையில் உருக்கும் எஃகும் மாறி மாறி வந்தால் பிள்ளைகள் இரண்டையும் வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் தடவை வரும்போது மட்டும் 'எஃகு, அதாவது உருக்கு' என்று சொல்லிவிட்டு, பிறகு எஃகு என்றே கொண்டுபோங்கள். கஞ்சமலை அட்டையில் 'கஞ்சமலை இரும்பு' என்பதை 'கஞ்சமலை இரும்புக் கனிமம்' என்று மாற்றிவிடுங்கள். மற்ற அட்டைகளின் தலைப்பை அப்படியே விடலாம்.